உடல் ஓர் அமானிதம்: கழுத்துச் சத்திரசிகிச்சையும் நாம் எடுக்க வேண்டிய முடிவும்





நோயைப் பற்றிப் பேசும்போது பொறுமையைப் பற்றியும், நோயாளியை நலம் விசாரிப்பதன் சிறப்பைப் பற்றியும் நாம் வழமையாகப் பேசுவோம். அவை அவசியமானவையே. எனினும் நோய் வந்த வீட்டில் பொறுமைக்கு அடுத்தபடியாகத் தேவைப்படுகின்ற இன்னொன்று உண்டு. அதுதான் சரியான முடிவு. எதைச் செய்வது, எதை விடுவது, யாரிடம் கேட்பது, எப்போது கேட்பது என்ற தெளிவு இல்லாமையினால் எத்தனையோ குடும்பங்கள் கைப்பொருளையும் இழந்து, காலத்தையும் இழந்து நிற்கின்றன. ஆகவே இன்றைய உரையில் ஒரு குறிப்பிட்ட நோயை எடுத்துக் கொண்டு, அதனூடாக இந்த விடயத்தை உங்களோடு பகிர்ந்து கொள்ள விரும்புகின்றேன். அது கழுத்தில் முண்ணாண் நசுங்குவதும், அதற்கென இன்று பேசப்படுகின்ற செயற்கை இடைத்தட்டுச் சத்திரசிகிச்சையும் ஆகும். இது நான் கேள்விப்பட்ட கதையன்று. நானே கடந்து வந்த சோதனையாகும்.

நேயர்களே! நான் ஓர் ஆசிரியன். ஒரு நாள் கரும்பலகையில் எழுதிக் கொண்டிருக்கும்போது என் வலது கையிலிருந்த வெண்கட்டி நழுவி விழுந்தது. குனிந்து எடுத்தேன். மீண்டும் விழுந்தது. மாணவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன். அடுத்த சில மாதங்களில் சட்டைப் பொத்தானைப் பூட்டுவதற்கு அதிக நேரம் எடுத்தது. தஸ்பீஹ் மணியை உருட்டும்போது விரல்கள் தடுமாறின. சோற்றைப் பிசைந்து வாயில் வைப்பதற்குள் பாதி பீங்கானிலேயே உதிர்ந்தது. ஸுஜூதிலிருந்து எழும்போது கால்கள் மரக்கட்டை போல் விறைத்தன. பள்ளிவாசலுக்கு நடக்கும்போது காலிலிருந்த செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் சில அடிகள் சென்றிருக்கின்றேன்.

இவ்வளவையும் நான் எவரிடமும் கூறவில்லை. வீட்டாரைக் கவலைப்படுத்தக் கூடாது என்று எண்ணினேன். வயது போகின்றது, சர்க்கரை கொஞ்சம் இருக்கின்றது, அதனால்தான் என்று எனக்கு நானே காரணமும் சொல்லிக் கொண்டேன். பெரிய வலி என்று எதுவும் இல்லாதது என்னை இன்னும் ஏமாற்றியது. வலி இல்லை என்றால் ஆபத்தும் இல்லை என்று நினைத்தேன். அந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

முதலில் நான் காட்டிய இடத்தில் மணிக்கட்டு நரம்பு இறுகியிருக்கின்றது என்றார்கள். மணிக்கட்டில் கட்டுவதற்கு ஒரு பட்டியும் தந்தார்கள். பல மாதங்கள் அதைக் கட்டினேன். மாற்றமில்லை. பிறகு ஒருவர் சொன்னார் என்று, எண்ணெய் தேய்த்து நரம்பு எடுப்பவர் ஒருவரிடம் சென்றேன். அவர் என் தலையைப் பிடித்து ஒரு பக்கமாகச் சட்டெனத் திருப்பினார். அன்றிரவு கழுத்தைக் குனிந்தபோது முதுகு வழியாகக் கால்வரை மின்சாரம் பாய்ந்தது போன்ற ஓர் அதிர்ச்சி. அப்போதும் நான் மௌனமாகவே இருந்தேன்.

விடுமுறைக்கு வீடு வந்திருந்த என் மகன்தான் அதைக் கண்டுபிடித்தான். சுபஹுக்கு வுழூச் செய்யும்போது நான் ஒரு கையால் சுவரைப் பிடித்துக் கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கின்றான். “வாப்பா, எவ்வளவு காலமாக இப்படி?” என்று கேட்டான். பொய் சொல்ல மனம் வரவில்லை. அன்றே என்னை அழைத்துக் கொண்டு போனான்.

அந்த வைத்தியர் முதலில் எந்தப் பொறியையும் பயன்படுத்தவில்லை. ஒரு சிறிய சுத்தியலால் முழங்காலைத் தட்டினார். கால் வழமையைவிட வேகமாக எகிறியது. நடுவிரலின் நகத்தைச் சுண்டினார். பெருவிரல் தானாக உள்நோக்கி மடங்கியது. ஒரு நேர்கோட்டில் குதிகாலையும் விரலையும் ஒட்டி வைத்து நடக்கச் சொன்னார், என்னால் முடியவில்லை. பின்னர் 10 செக்கன்களில் கையை எத்தனை முறை பொத்தி விரிக்க முடிகின்றது என்று எண்ணினார். ஆரோக்கியமான ஒருவர் ஏறத்தாழ 20 முறை செய்வார். நான் 11 முறைதான் செய்தேன். “பிரச்சினை உங்கள் கையில் இல்லை, கழுத்தில் இருக்கின்றது” என்றார் அவர். எம்.ஆர்.ஐ. படம் அதனை உறுதிப்படுத்தியது.

நேயர்களே! இங்கே சிறிது விளக்கம் தேவைப்படுகின்றது. எமது கழுத்தில் ஏழு முள்ளந்தண்டென்புகள் உள்ளன. மேலேயுள்ள முதல் இரண்டுக்கும் இடையில் தட்டு இல்லை. அதற்குக் கீழே ஒவ்வோர் என்புக்கும் இடையில் மெத்தை போன்ற ஓர் இடைத்தட்டு உண்டு. இதைத்தான் நாம் பொதுவாக டிஸ்க் என்கின்றோம். இவற்றின் பின்னால் ஒரு குழாய் போன்ற பாதையில் மூளையிலிருந்து இறங்கி வருகின்ற முண்ணாண் செல்கின்றது. அதன் பருமன் ஏறத்தாழ எமது சின்னிவிரல் அளவுதான். கையும் காலும் அசைவதற்கான கட்டளைகள் யாவும் அந்தச் சிறிய நாணின் வழியாகவே செல்கின்றன.

வயது செல்லச் செல்ல இடைத்தட்டு நீர்ப்பதத்தை இழந்து தட்டையாகின்றது. சில வேளை பின்னோக்கிப் பிதுங்குகின்றது. அதன் ஓரங்களில் என்பு முனைகள் வளர்கின்றன. இணையங்கள் தடிக்கின்றன. இவை பக்கவாட்டில் செல்லும் நரம்பு வேரை அழுத்தினால், கழுத்திலிருந்து கை வழியாகக் கடுமையான வலி இறங்கும். அந்த வலி பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் அல்லது மாதங்களில், சத்திரசிகிச்சையின்றியே தணிந்து விடுகின்றது. ஆனால் அவை நடுவிலுள்ள முண்ணாணையே அழுத்தினால் நிலைமை வேறு. அதில் வலி குறைவாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கையின் நுட்பம் குறையும். நடை தள்ளாடும். இறுதியில் சிறுநீரைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். வளர்ந்தோருக்கு முண்ணாண் பழுதடைவதற்கு உலகில் மிகப் பொதுவான காரணம் இந்தத் தேய்மானமே ஆகும். அவ்வாறிருந்தும் இது பிந்தியே கண்டுபிடிக்கப்படுகின்றது. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், முதல் அறிகுறி தோன்றியதிலிருந்து நோய் இன்னதென அறியப்படுவதற்குச் சராசரியாக 2 வருடங்களுக்கு மேல் சென்றிருந்தது. மணிக்கட்டு நோய் என்று தவறாகக் கருதப்பட்டவர்களும் அதில் இருந்தார்கள். நானும் அவ்வரிசையில் ஒருவன்தான்.

இனி, சத்திரசிகிச்சை அவசியந்தானா என்ற கேள்வி எழுந்தது. என் உம்மாவுக்கு அப்போது வயது எண்பதைத் தாண்டியிருந்தது. “கழுத்திலே கத்தி வைக்கிறதா மகன்? அல்லாஹ் மேலே பாரத்தைப் போடு, ஓதிப் பார்ப்போம்” என்று அழுதார். அந்த அழுகையை நான் குறைவாக எண்ணவில்லை. ஆனால் தவக்குல் என்பது காரணங்களைக் கைவிடுவதன்று. காரணங்களைச் செய்துவிட்டு விளைவை அல்லாஹ்விடம் ஒப்படைப்பதாகும். நோய்க்கு மருத்துவம் செய்வது நபிவழிக்கு மாறானதன்று, அதுவே நபிவழியாகும். ஓதிப் பார்ப்பதும் வைத்தியரிடம் செல்வதும் ஒன்றுக்கொன்று பகையான இரு பாதைகளல்ல. இதை உம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் தலையசைத்தார், எனினும் அழுகையை நிறுத்தவில்லை.

வைத்தியர்கள் இந்த நோயின் கடுமையை 18 புள்ளிகளைக் கொண்ட ஓர் அளவுகோலால் அளக்கின்றார்கள். கையின் வேலை, நடை, உணர்ச்சி, சிறுநீர்க் கட்டுப்பாடு ஆகியவற்றுக்குப் புள்ளி இடப்படுகின்றது. 15 முதல் 17 வரை இலேசானது, 12 முதல் 14 வரை நடுத்தரமானது, 11உம் அதற்குக் குறைந்ததும் கடுமையானது. 2017இல் வெளியிடப்பட்ட சர்வதேச வழிகாட்டல், நடுத்தரமான, கடுமையான நிலைகளுக்குச் சத்திரசிகிச்சையையே பரிந்துரைக்கின்றது. இலேசான நிலையில் சத்திரசிகிச்சை செய்யலாம். அல்லது வைத்தியரின் மேற்பார்வையில் முறையான பயிற்சிகளோடு காத்திருக்கவும் செய்யலாம். ஆனால் நிலை மோசமடைந்தால் தாமதிக்கக் கூடாது என்கின்றது. எனக்கு 13 புள்ளிகள். அதாவது, காத்திருப்பதற்கான காலத்தை என் மௌனத்திலேயே நான் செலவழித்து விட்டிருந்தேன்.

இங்கேதான் என் மகன் ஒரு புதிய செய்தியோடு வந்தான். இரவிரவாக இணையத்தில் தேடிப் படித்திருந்தான். “வாப்பா, என்புகளை ஒட்டி வைக்கிறது பழைய முறை. இப்போது செயற்கை டிஸ்க் வைக்கிறார்கள். கழுத்து வழமை போல அசையும். அதைத்தான் செய்ய வேண்டும்” என்றான். செலவைக் கேட்டபோது வீட்டில் அமைதி நிலவியது. மகளுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த ஒரு சிறு காணித்துண்டு எம்மிடம் இருந்தது. “அதை விற்போம்” என்றான் மகன். என் மனைவி ஒன்றும் கூறவில்லை. என் மகள் மாத்திரம், “வாப்பா நன்றாக இருந்தால் போதும்” என்றாள். அந்த வார்த்தை இன்றும் என் காதில் ஒலிக்கின்றது.

எனக்கும் ஓர் அந்தரங்கமான அச்சம் இருந்தது. என்புகளை ஒட்டி விட்டால் ருகூஉவும் ஸுஜூதும் செய்ய முடியுமா? ஸலாம் கொடுக்கும்போது முகத்தைத் திருப்ப முடியுமா? வாழ்நாள் முழுவதும் கதிரையில் அமர்ந்துதான் தொழ வேண்டி வருமா? இந்தக் கேள்வியே என்னையும் செயற்கைத் தட்டின் பக்கம் இழுத்தது.

நேயர்களே! இவ்விரு முறைகளையும் பற்றி நான் கற்றுக் கொண்டவற்றைச் சுருக்கமாகக் கூறுகின்றேன்.

கழுத்தின் முன்புறமாகச் சென்று, பழுதடைந்த தட்டை அகற்றி, முண்ணாணின் மீதுள்ள அழுத்தத்தை நீக்கி, மேலும் கீழுமுள்ள என்புகளை ஒன்றாக இணைத்து விடுகின்ற முறை 1950களில் உருவானது. இணைப்புச் சத்திரசிகிச்சை எனப்படும் இது அரை நூற்றாண்டுக்கும் மேலாக உலகெங்கும் செய்யப்பட்டு வருகின்றது. இதற்குக் கூறப்படும் பிரதான குறை என்னவெனில், ஒரு மூட்டு அசையாமற் போகும்போது அடுத்துள்ள மூட்டுகளின் மீது சுமை கூடலாம் என்பதாகும். 1999இல் வெளியான, 374 நோயாளிகளைப் பற்றிய ஓர் அமெரிக்க ஆய்வில், வருடமொன்றுக்கு ஏறத்தாழ 100க்கு 3 பேர் வீதம் அடுத்த மூட்டிலும் புதிய நோய் அறிகுறிகள் தோன்றுவதாகக் கணிக்கப்பட்டது. ஆனால் அதில் எவ்வளவு இணைப்பினால் வந்தது, எவ்வளவு இயல்பான தேய்மானத்தினால் வந்தது என்பது இன்றும் விவாதிக்கப்படுகின்றது.

இந்தக் குறையை நீக்கும் நோக்கத்துடனேயே அசையும் தட்டுகள் தோன்றின. 1960களில் சுவீடனைச் சேர்ந்த பேர்ன்ஸ்ட்ரோம் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் உருக்கினாலான உருண்டைகளை என்புகளுக்கிடையே வைத்துப் பார்த்தார். அவை என்புக்குள் அமிழ்ந்து போகவே அம்முறை கைவிடப்பட்டது. பின்னர் 1989 அளவில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் கமின்ஸ் என்ற நிபுணர், கிண்ணமும் பந்தும் போன்ற ஓர் உலோக மூட்டைக் கழுத்தில் பொருத்தத் தொடங்கினார். அதன் வழிவந்த ஒரு தட்டுக்கே, கழுத்துக்கான முதலாவது செயற்கைத் தட்டாக, 2007இல் ஐக்கிய அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி வழங்கியது. 2013இல் இரு மூட்டுகளில் பொருத்தக் கூடிய ஒரு தட்டுக்கும் அங்கு அனுமதி கிடைத்தது. தெரிவு செய்யப்பட்ட நோயாளிகளில் நீண்ட காலம் தொடர்ந்து நடத்தப்பட்ட ஆய்வுகள், செயற்கைத் தட்டுப் பொருத்தியவர்களுக்கு இரண்டாவது சத்திரசிகிச்சை தேவைப்படுவது இணைப்புச் செய்தவர்களைவிடக் குறைவு எனக் காட்டின. ஆகவே என் மகன் படித்தது பொய்யன்று.

ஆனால் அவன் கவனிக்காத ஒரு சொல் அதில் இருந்தது. “தெரிவு செய்யப்பட்ட நோயாளிகள்” என்பதே அந்தச் சொல். அந்த ஆய்வுகளில் சேர்க்கப்பட்டவர்களுள் பெரும்பாலோர் நரம்பு வேர் அழுத்தத்தால் கைவலி கொண்டவர்கள். முண்ணாண் நசுங்கியவர்களைத் தனியாக ஆராய்ந்து 2008இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில் 199 பேர் இருந்தனர். இரண்டு வருட முடிவில் செயற்கைத் தட்டு வைத்தவர்களும் இணைப்புச் செய்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறியிருந்தனர். அவர்களுக்கும் ஒரே ஒரு தட்டின் மட்டத்தில்தான் அழுத்தம் இருந்தது. அதாவது, முண்ணாணைக் காப்பாற்றுவது அழுத்தத்தை முழுமையாக நீக்குவதாகும். அதன் பிறகு அந்த இடைவெளியில் எதை வைப்பது என்பது இரண்டாவது கேள்வியே.

செயற்கைத் தட்டு எவருக்கு ஏற்றது? தட்டு பிதுங்கியிருந்தாலும் மூட்டு இன்னும் அசைந்து கொண்டிருப்பவருக்கு; ஒன்று அல்லது இரண்டு இடங்களில் மாத்திரம் பிரச்சினை உள்ளவருக்கு; என்பு உறுதியாக உள்ளவருக்கு. எவருக்கு ஏற்றதன்று? கழுத்தின் பின்புறச் சிறு மூட்டுகள் தேய்ந்தவருக்கு. என்பு மெலிவு நோய் உள்ளவருக்கு. கழுத்து முன்னோக்கி வளைந்து போனவருக்கு. முண்ணாணுக்கு முன்னாலுள்ள நீண்ட இணையம் என்பாக மாறியவருக்கு. மூட்டு ஏற்கெனவே இறுகியவருக்கு. பல இடங்களில் நசுங்கியிருந்தால் சில வேளை பின்புறமாகச் சென்று, முண்ணாண் செல்லும் பாதையின் கூரையைத் திறந்து விடுவதே சிறந்ததாக இருக்கும். ஆக, இது பழையது, புதியது என்ற போட்டியன்று. எந்தக் கழுத்துக்கு எது பொருந்தும் என்ற கேள்வியே ஆகும்.

நாங்கள் இரண்டு நிபுணர்களைச் சந்தித்தோம். முதலாமவர் செயற்கைத் தட்டு வைக்க முடியும் என்றார். இரண்டாமவர் உடனே பதில் கூறவில்லை. கழுத்தைக் குனிந்தும் நிமிர்ந்தும் எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னார். சீ.டி. படமும் எடுக்கச் சொன்னார். அவற்றை ஒளிப்பலகையில் வைத்து, என் மகனை அருகில் அழைத்தார். “தம்பி, நன்றாகப் பாருங்கள். வாப்பா குனிந்த படத்திலும் நிமிர்ந்த படத்திலும் ஐந்தாவது என்புக்கும் ஆறாவது என்புக்கும் இடையில் ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா?” என்று கேட்டார். மகன் நீண்ட நேரம் பார்த்தான். வித்தியாசம் எதுவும் இல்லை. அந்த மூட்டு எப்போதோ அசைவை நிறுத்தியிருந்தது. பின்புறச் சிறு மூட்டுகளும் தேய்ந்திருந்தன. முண்ணாணை அழுத்தியது மென்மையான தட்டன்று. கடினமான என்பு முனைகள்.

நேயர்களே! எந்த அசைவைக் காப்பாற்றுவதற்காக என் மகளின் காணியை விற்க நினைத்தேனோ, அந்த அசைவு என்னிடம் ஏற்கெனவே இருக்கவில்லை! இல்லாத ஒன்றை விலை கொடுத்துக் காப்பாற்ற முனைந்திருந்தேன். அந்த இரு எக்ஸ்ரே படங்களும் எமது வீட்டில் பல வாரங்களாக நடந்த விவாதத்தை ஒரு நிமிடத்தில் முடித்து வைத்தன.

அப்போது தயக்கத்தோடு எனது ஸுஜூதைப் பற்றிக் கேட்டேன். அவர் முஸ்லிம் அல்லாதவர். எனினும் அந்தக் கேள்வியின் கனத்தை நன்கு உணர்ந்து பதிலளித்தார். தலையை ஆட்டுவது பெரும்பாலும் மண்டையோட்டுக்கும் முதலாவது என்புக்கும் இடையில் நிகழ்கின்றது. முகத்தைப் பக்கவாட்டில் திருப்புவதில் ஏறத்தாழ அரைவாசி, முதலாவது, இரண்டாவது என்புகளுக்கு இடையில் நிகழ்கின்றது. அவற்றை இச்சத்திரசிகிச்சை தொடுவதேயில்லை. நெற்றியைத் தரையில் வைப்பதற்குப் பெரும்பாலும் இடுப்பும் முழங்காலுமே வளைகின்றன. கீழே ஒரு மூட்டை இணைப்பதால் தொழுகை தடைப்படாது. முதல் சில வாரங்கள் மாத்திரம் கதிரையில் அமர்ந்து தொழுங்கள் என்றார். இயலாதவர் அமர்ந்து தொழுவதற்கு மார்க்கம் தந்த சலுகையை நாம் அறிவோம். அதை ஏற்றுக் கொள்வதும் வணக்கமே.

சத்திரசிகிச்சைக்கு முன்னர் அவர் ஆபத்துகளையும் மறைக்கவில்லை. முன்புறமாகச் செல்வதால் சில நாட்கள் விழுங்குவது கடினமாக இருக்கும் என்றார். குரல் நாணுக்குரிய நரம்பு பாதிக்கப்பட்டால் குரல் கரகரக்கலாம்; பெரும்பாலும் அது காலப்போக்கில் சீராகும் என்றார். கிருமித் தொற்று, இரத்தக் கசிவு, மிக அரிதாக முண்ணாணுக்கே சேதம் ஆகியவையும் உண்டு என்றார். செயற்கைத் தட்டு வைத்திருந்தாலும் இந்த ஆபத்துகள் அப்படியே இருந்திருக்கும். அதைவிட அது இடம்பெயரலாம், தேயலாம், காலப்போக்கில் சுற்றிலும் என்பு வளர்ந்து அசையாமலும் போகலாம் என்பதையும் கூறினார். புகைபிடிப்பவரிடம் என்புகள் இணைவது தடைப்படும் என்பதால் அதைப் பற்றியும் கேட்டார். அல்ஹம்துலில்லாஹ், அந்தப் பழக்கம் என்னிடம் இருக்கவில்லை. சர்க்கரையை மாத்திரம் கட்டுப்படுத்தச் சொன்னார்.

இறுதியாக அவர் கூறியதே மிக முக்கியமானது. “இழந்ததை எல்லாம் திருப்பித் தருவேன் என்று நான் வாக்களிக்க மாட்டேன். இனி இழக்காமல் பார்த்துக் கொள்வதே இதன் முதல் நோக்கம். அதற்கு மேல் கிடைப்பது இலாபம்” என்றார். நேர்மையான அந்த வார்த்தையே எனக்கு நம்பிக்கையைத் தந்தது.

அன்றிரவு குடும்பத்தோடு மஷூரா செய்தோம். இஸ்திகாராத் தொழுதேன். சிலர் இஸ்திகாரா என்றால் கனவில் விடை வர வேண்டும் என்று காத்திருக்கின்றார்கள். விசாரித்து, ஆராய்ந்து, அறிந்தவர்களிடம் கேட்டு, ஒரு முடிவின் வாசலில் நின்று கொண்டு, இதில் நன்மை இருந்தால் இலகுவாக்கு, இல்லையேல் திருப்பி விடு என்று இறைவனிடம் வேண்டுவதே அதுவாகும். எக்ஸ்ரே படத்துக்குப் பதிலாக இஸ்திகாராவை வைப்பதும், இறைவனை மறந்து எக்ஸ்ரே படத்தை மாத்திரம் நம்புவதும் ஆகிய இரண்டும் எமது வழியன்று.

சத்திரசிகிச்சை நிறைவேறியது. இன்று இரண்டு வருடங்கள் கடந்து விட்டன. என் கால்களின் விறைப்பு பெரிதும் குறைந்துள்ளது, முற்றாக நீங்கவில்லை. 10 செக்கன்களில் 17 முறை கையைப் பொத்தி விரிக்கின்றேன். பொத்தானைப் பூட்டுகின்றேன். கரும்பலகையில் எழுதுகின்றேன், எழுத்து முன்னர் போல் அழகாக இல்லை. விரல் நுனிகளில் ஒரு மரத்த தன்மை எஞ்சியிருக்கின்றது. அது நான் மௌனமாக இருந்த மாதங்களின் விலை என்றே எண்ணுகின்றேன். நெற்றியைத் தரையில் வைத்து ஸுஜூத் செய்கின்றேன். காணி என் மகளுக்கே இருக்கின்றது.

அன்பின் நேயர்களே! இந்த அனுபவத்திலிருந்து சில விடயங்களை உங்கள் முன் வைக்கின்றேன். எனக்கு இணைப்பே பொருத்தமாக இருந்தது என்பதால் எல்லோருக்கும் அதுவே பொருத்தம் என்று எவரும் விளங்கிக் கொள்ள வேண்டாம். மூட்டு அசைந்து கொண்டிருக்கும் ஓர் இளைஞருக்குச் செயற்கைத் தட்டே சிறந்ததாக இருக்கலாம். அதை முடிவு செய்ய வேண்டியது அவருடைய படங்களும், அவரைப் பரிசோதித்த நிபுணருமேயன்றி, எனது கதையன்று.

வைத்தியரிடம் செல்லும்போது கேள்விகளை எழுதிக் கொண்டு செல்லுங்கள். அழுத்தப்படுவது நரம்பு வேரா, முண்ணாணா? நான் காத்திருந்தால் என்ன நடக்கும்? எனது மூட்டு இன்னும் அசைகின்றதா? என்னைப் போன்ற எத்தனை பேருக்கு நீங்கள் இச்சத்திரசிகிச்சையைச் செய்திருக்கின்றீர்கள்? பொருத்தப்படும் பொருள் எதனாலானது? அதன் பின்னர் எம்.ஆர்.ஐ. எடுக்க முடியுமா? அரச வைத்தியசாலையில் செய்வதாயின் பொருத்தும் பொருளை நாங்கள் வாங்கித் தர வேண்டுமா? இக்கேள்விகளைக் கேட்பது மரியாதைக் குறைவன்று. நல்ல வைத்தியர் இவற்றை விரும்புவார். பொருத்தப்படும் பொருளைப் பற்றி மார்க்க ரீதியான ஐயம் இருந்தால் அதையும் வைத்தியரிடம் விபரமாகக் கேட்டு, ஆலிம் ஒருவரிடம் தெளிவு பெற்றுக் கொள்ளுங்கள்.

பெற்றோர்களே! நோயை மறைப்பது தியாகமன்று. உங்கள் உடல் உங்களுக்கு மாத்திரம் சொந்தமானதன்று. அது அல்லாஹ் தந்த அமானிதம். பிள்ளைகளைக் கவலைப்படுத்தாமலிருக்க இன்று நீங்கள் மறைப்பது, நாளை அவர்கள் உங்களைத் தூக்கிச் சுமக்க வேண்டிய நிலையைத் தரக்கூடும். கை தடுமாறினால், நடை தள்ளாடினால், பொத்தான் பூட்ட முடியாமற் போனால், வலி இல்லாவிட்டாலும் காட்டுங்கள். இத்தகைய அறிகுறிகள் உள்ளபோது கழுத்தைத் திருகி முறிக்க எவரையும் அனுமதிக்காதீர்கள். முடிவெட்டும் கடையிலும்கூட வேண்டாம்.

இளைஞர்களே! உங்கள் விரல் நுனியில் உலகத்தின் அறிவு இருக்கின்றது. அதைப் பெற்றோருக்காகப் பயன்படுத்துவது பெரும் நன்மையாகும். ஆனால் இணையம் பொதுவான விடையைத் தரும். உங்கள் வாப்பாவின் கழுத்தை அது பார்த்ததில்லை. படித்ததை முடிவாகக் கொண்டு செல்லாமல், கேள்வியாகக் கொண்டு செல்லுங்கள். எல்லாவற்றுக்கும் முதலில், வீட்டிலுள்ள முதியவர்களைக் கவனித்துப் பாருங்கள். என் நோயை முதலில் கண்டது எம்.ஆர்.ஐ. இயந்திரமன்று, சுபஹ் நேரத்தில் என் மகனின் கண்கள்தான்.

வல்ல அல்லாஹ் எமது நோயாளிகளுக்குப் பூரண சுகத்தையும், அவர்களைப் பராமரிப்போருக்குப் பொறுமையையும், வைத்தியர்களின் கைகளில் பறக்கத்தையும், எமக்கெல்லாம் தெளிவான முடிவெடுக்கும் ஆற்றலையும் தந்தருள்வானாக. ஆமீன்.